குதிரைக்கு ஈ வலை வாங்குறதுக்கு முன்னாடி

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிஞ்சா, தமிழ்நாட்டுல பல ஊருக்குப் புதுக் குதிரை வந்து சேரும். ஒரு காலத்துல ஜமீன் வீட்டுலயும் ஜட்கா வண்டியிலயும் பார்த்த குதிரையை இப்ப நம்ம இளவட்டங்க ஆசைக்கு வாங்குறாங்க. மார்வாரி, கத்தியவாரின்னு இனம் சொல்லி வாங்கி, கல்யாண ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு விடுறவங்களும் உண்டு. ஆசைப்படுறதுல தப்பில்லை. ஆனா விலை பேசும்போது சுழி பார்க்கிறாங்க, பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறாங்க, நடக்கவிட்டுப் பார்க்கிறாங்க. கொண்டுவந்து கட்டப்போற இடத்துல ஈ எவ்வளவு மொய்க்குதுன்னு மட்டும் யாரும் பார்க்கிறதில்லை.

எங்க நைனார்பாளையம் பக்கம் வீட்டுக்கு வீடு மாடு, மாடு இருந்தா குப்பைக்குழி. ஒரு மழை விழுந்து வெயில் காய்ஞ்சா போதும், ஈ கூட்டம் கூட்டமா வரும். குதிரையோட கண்ணு பெருசு, எப்பவும் ஈரம். அந்த ஈரம்தான் ஈக்கு தீனி. தலையை ஆட்டி ஆட்டி அலுத்துப்போன குதிரை, தூணுல கண்ணை வச்சுத் தேய்க்கும். தேய்ச்சா கருவிழியில கீறல் விழும், கவனிக்காம விட்டா அந்தக் கண்ணே போயிடும்.

இதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பட்டணத்துல இருக்கிற சொந்தக்காரங்க செல்போன்லயே ‘ஃப்ளை மாஸ்க்’ ஆர்டர் போட்டு அனுப்பிடுறாங்க. வலைத்துணியில தைச்ச முகமூடி அது. ஊர்ல பார்க்கிறவங்க, “ஏம்ப்பா, குதிரை கண்ணைக் கட்டி வச்சிருக்கே?”ன்னு கேட்பாங்க. கட்டலை. ஜட்கா குதிரைக்குக் கண்ணுப் பக்கத்துல வைக்கிற தோல் மறைப்பு வேற, இது வேற. வலை வழியா குதிரைக்கு வெளியில நல்லாவே தெரியும்.

வாங்குறது நல்லதுதான், ஆனா அளவு பார்த்து வாங்கணும். முதல்ல பார்க்க வேண்டியது, வலை கண்ணைத் தொடாம கூடாரம் மாதிரி தூக்கி நிக்குதான்னு. இமை முடியில உரசுற வலை, ஈயை விட மோசம். விளிம்புல மெத்துன்னு துணி வச்சுத் தைச்சிருக்கணும், இல்லேன்னா கன்ன எலும்பு மேல முடி உதிர்ந்து புண்ணாகும். ஒட்டுற பட்டைதான் வேணும். வேலிகாத்தான் முள்ளுல மாட்டினா தானா பிய்ச்சுக்கிட்டு வரணும். பக்கிள் போட்டு இறுக்கினதுல மாட்டிக்கிட்டா குதிரை மிரண்டு கழுத்தை முறிச்சுக்கும். முகத்துல வெள்ளைப் பட்டையும் மூக்குல ரோஸ் தோலும் இருந்தா, மூக்கு வரைக்கும் மூடுற மாதிரி வாங்குங்க. அந்தத் தோல் வெயிலுக்குத் தாங்காது.

காது விஷயத்துல எனக்கு ஒரு தனிப் பிடிவாதம் உண்டு. மார்வாரிக்கும் கத்தியவாரிக்கும் காது உள்பக்கமா வளைஞ்சு நுனியோட நுனி தொடும். அதுதான் அந்தச் சாதியோட அழகே. வெளிநாட்டுக் குதிரைக்குத் தைச்ச காதுப்பையில அதைத் திணிச்சா நசுங்கும். காதுப்பை இல்லாத வலையே போதும்.

பகல் பூரா மரத்தடியில கட்டிக்கிடக்கிற குதிரைக்கு, என்னைக் கேட்டா, இந்த ஊர் புழுக்கத்துல வலையை விட நெத்தியில தொங்குற நூல் குஞ்சமே மேல். மாட்டுக்குக் கட்டுறோமே, அதே மாதிரி. காத்து போகும், தலையை அசைச்சா ஈ ஓடும். இதுல வேடிக்கை என்னன்னா, கடவுளே குதிரைக்கு நெத்தி முடியும் நீள வாலும் அதுக்குத்தான் கொடுத்திருக்கார். நம்ம ஆளுங்க அழகுக்குன்னு ரெண்டையும் கத்தரிச்சுட்டு, அப்புறம் வலை தேடுறாங்க. அய்யனார் கோயில் மண் குதிரைக்கு வேணா இந்த அலங்காரமெல்லாம் சரி.

வலை போட்டாச்சு, கவலை விட்டுச்சுன்னும் நினைக்காதீங்க. குதிரை கண்ணுக்குள்ள வெள்ளை நூல் மாதிரி புழு நெளியிறதைச் சிலர் பார்த்திருப்பீங்க. அது மாட்டு வயித்துக்குள்ள பெருசா தொந்தரவு பண்ணாம வாழுற புழு. கொசு வழியா குதிரைக்குப் போனா வழி தவறிக் கண்ணுக்கு வந்துடும், அறுவை செஞ்சுதான் எடுக்கணும். கொசு உடம்புல எங்க வேணா கடிக்கும். முகத்துல வலை இருந்து என்ன பிரயோசனம்? சர்ரா நோயும் அப்படித்தான். 1880-ல கிரிஃபித் எவன்ஸ்ங்கிற கால்நடை மருத்துவர் இந்தியாவுலதான் குதிரை ரத்தத்துல அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார். அதைப் பரப்புற பெரிய கடி ஈ உடம்பு மேலதான் உட்காரும்.

அதனால என் கட்சி இதுதான்: வலைக்குச் செலவு பண்ற அக்கறையில பாதியாவது லத்தி அள்ளுறதுல இருக்கணும். நம்ம வெயிலுக்கு ஈ முட்டை ஒரு வாரம், பத்து நாள்ல ஈயாயிடும். தினம் காலையில லத்தியை அள்ளித் தள்ளிப் போய்க் கொட்டுங்க. குதிரையை மாட்டுக் கொட்டகையை ஒட்டிக் கட்டாதீங்க. ஜப்பான்ல கறுப்பு மாட்டுக்கு வரிக்குதிரை மாதிரி வெள்ளைக் கோடு போட்டுப் பார்த்து, கடி ஈ உட்காருறது பாதியாக் குறைஞ்சதுன்னு 2019-ல எழுதினாங்க. நம்ம ஊர்ல கோடு போட்டா, எந்தக் கட்சிக் கொடின்னு கேட்பாங்க.

வலையை ராத்திரி கழட்டிடுங்க. தினம் கழட்டும்போது உள்ள ஊசிப்புல்லு மாட்டியிருக்கான்னு பாருங்க, துவைச்சு முழுசா காயவச்சுப் போடுங்க. கண்ணு நீலம் பூத்தாலோ, மூடிக்கிட்டுத் தண்ணி விட்டாலோ, வீட்டுல கிடக்கிற மனுஷங்க சொட்டு மருந்தை ஊத்தாதீங்க. அதுல ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில புண்ணும் இருந்தா கண்ணு போகும். அன்னைக்கே கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க.