படத்தில் இல்லாத பிள்ளை

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் ஒரு பெரிய குடும்பப் படம் இருக்கிறது. தாயின் முகத்தை அண்ணாந்து பார்க்கும் பையன், தாத்தா மடியில் கைக்குழந்தை, மூலையில் ஒரு பொம்மை! பார்த்தால், "என்ன சந்தோஷமான குடும்பம்!" என்றுதான் சொல்வீர்கள். ஆனால் நேயர்களே, இவர்கள் ஊரை விட்டு ஓடிவந்தவர்கள்.

தாத்தா ரிச்சர்ட் கிளார்க், பாஸ்டன் நகரத்து வியாபாரி. அமெரிக்கா அப்போது பிரிட்டிஷ் ராஜாவின் ஆட்சியில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி (ஆமாம், நம் சென்னையில் கோட்டை கட்டிய அதே கம்பெனிதான்) அனுப்பும் தேயிலையை விற்கும் ஏஜென்ஸி 1773-ல் இவருக்கும் கிடைத்தது. தேயிலைக்கு ராத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி. தங்களைக் கேளாமல் விதித்த வரி என்று ஊர் கொதித்தது. ஏஜென்ஸியை விட்டுவிடும்படி வற்புறுத்தியது. கிளார்க் மறுத்தார். நவம்பரில் ஓர் இரவு அவர் வீட்டு ஜன்னல்கள் நொறுங்கின. டிசம்பர் 16-ந் தேதி 342 பெட்டித் தேயிலை கடலுக்குப் போயிற்று. சரித்திரப் புத்தகம் இதோடு நின்றுவிடும். தேயிலைக்காரர் வீட்டுப் பெண் என்ன ஆனாள் என்று அதற்கென்ன கவலை?

கிளார்க்கின் மகள் சூஸன்னா, ஓவியர் காப்ளியின் மனைவி. காப்ளி இரு தரப்புக்கும் நடுவே சமாதானம் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. 1774-ல் சித்திரக் கலை பயில ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். மறு வருஷம் ஏப்ரலில் யுத்தம் மூண்டுவிட்டது. கணவனோ இத்தாலியில். மே மாதம் சூஸன்னா மூன்று குழந்தைகளுடன் தன்னந்தனியாகப் புறப்பட்டாள். நாலாவது, சில மாதமே ஆன ஆண் குழந்தை, நோஞ்சான். கடல் பிரயாணம் தாங்காதென்று மாமியாரிடம் விட்டுவிட்டுக் கப்பலேறினாள். தன் பிறந்த வீட்டுப் பெயரையே, கிளார்க் என்று, அதற்கு வைத்திருந்தாள். அடுத்த வருஷத் தொடக்கத்தில் அது இறந்துபோயிற்று.

வரியை எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் குழந்தை எந்தப் பக்கம், சொல்லுங்கள்?

அதே 1776-ல் லண்டனில் காப்ளி அந்தப் படத்தை எழுத ஆரம்பித்தார். தாத்தாவும் பாஸ்டனைத் துறந்து வந்து சேர்ந்திருந்தார். அவர் மடியில் இருப்பது லண்டனில் பிறந்த பேத்தி. அவள் கையை நீட்டித் துள்ளுகிறாள். அவர் பார்வையோ எங்கேயோ இருக்கிறது! 1795-ல் லண்டனிலேயே அவர் காலமானார். அண்ணாந்து பார்க்கும் பையன் பிற்காலத்தில் இங்கிலாந்தின் லார்டு சான்ஸலர் ஆனான். மூத்த மகள் எலிசபெத் மட்டும் 1800-ல் ஒரு வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டுப் பாஸ்டனுக்கே போனாள். சூஸன்னா கண்ணை மூடியது 1836-ல், லண்டனில்.