வாசிக்க நேரம் தருவது ஊரின் பொறுப்பு

போடிநாயக்கனூரில் பெரியவர்களிடம் புத்தக வாசிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று பதில்கள் வரும். “அதெல்லாம் பள்ளிக்கூடத்தோட போச்சு” என்பார் கடைக்காரர் ஒருவர். “ராத்திரி புத்தகத்தத் தொட்டாலே கண்ணு சொக்குது” என்பார் மலைக்கு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர். நூலகத்தைப் பார்த்துக்கொள்பவரோ, “அலமாரி நிறைய இருக்கு சார், எடுக்கத்தான் ஆளில்ல” என்பார். மூவர் சொல்வதும் உண்மை. ஆனால் இந்த மூன்று உண்மைகளையும் ஒரே இடத்தில் வைத்து ஊர் இதுவரை பேசவில்லை. வாசிப்பதும் வாசிக்காததும் அவரவர் மனஉறுதியைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு நாம் எல்லோரும் விலகிக்கொள்கிறோம்.

பெரியவர் ஒருவர் நாள்தோறும் வாசிக்க நான்கு தேவை: கொஞ்சம் நேரம், எழுத்து தெளிவாகத் தெரியும் கண், கைக்கு எட்டும் தூரத்தில் புத்தகம், கூட வாசிக்க ஓர் ஆள். இவற்றில் எதையும் ஒருவர் தனியாக முழுதாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. எனவே பெரியவர்களின் வாசிப்பு ஊர்ப்பொறுப்பு. ஒவ்வொரு தரப்பும் தன் பங்கை ஏற்றால்தான் அது நடக்கும்.

முதலில் நேரம். விடியுமுன் எழுந்து சமைத்து, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறார்கள் பெண்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கேரளத்தின் சாந்தன்பாறை, பூப்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறங்குகிறார்கள். ஏலச்செடியில் காய் பிடிப்பது தூரையொட்டி, தரைக்குப் பக்கத்தில். பகல் முழுக்கக் குனிந்தும் குந்தியும் காய் எடுத்த உடம்பு பொழுது சாயும்போதுதான் ஊர் திரும்புகிறது. அதற்குப் பிறகு தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள். இப்படிப்பட்ட ஒருவரிடம் போய் “தினமும் ஒரு மணி நேரம் வாசியுங்கள்” என்பது அவர் படும்பாட்டை அறியாத பேச்சு. ஜீப் ஓட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், குடோனில் காய் தரம் பிரிக்கிறவர் எல்லோருக்கும் நாள் இப்படித்தான் கழிகிறது.

ஆனாலும் இதே மக்கள், வயது வந்த பிறகு, தங்கள் நாளையே மாற்றி அமைத்துக்கொள்வதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். கார்த்திகையில் மாலை போட்டவர் 41 நாள் விடியலில் எழுந்து குளிக்கிறார், உணவை மாற்றுகிறார், பல ஆண்டுப் பழக்கங்களை விடுகிறார். அவருக்கு மட்டும் தனி மனஉறுதி எங்கிருந்து வந்தது? குருசாமி இருக்கிறார், கூட மாலை போட்டவர்கள் இருக்கிறார்கள், வீடு அவருக்காகச் சமையலை மாற்றுகிறது, தெரு அவரைச் ‘சாமி’ என்று அழைக்கிறது. ஊர் கூடித் தாங்குவதால் பழக்கம் நிற்கிறது. வாசிப்புக்கும் அந்தத் தாங்கல் வேண்டும்.

ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய செயல் ஒன்று தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் தெரிந்தது. நாள்தோறும் அதே வேளையில், அதே வேலையை ஒட்டிச் செய்தால் பழக்கம் படியும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் போதும். இரண்டு நாள் தவறினாலும் மூன்றாம் நாள் தொடரலாம்.

கைக்கு எட்டும் புத்தகத்துக்கு ஒரு சான்று நம் மலைத்தொடரிலேயே இருக்கிறது. மூணாறுக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடியில் முதுவான் மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி அது. அங்கே இருப்புக்கல்லுக்குடியில் சின்னத்தம்பி என்பவர் நடத்திய சிறிய டீக்கடையில், ஆசிரியர் பி.கே. முரளீதரனின் துணையோடு 2010-இல் ஒரு நூலகம் தொடங்கியது. முதலீடு 160 புத்தகங்கள். சாக்குப் பைகளில் அடுக்கியிருந்த அந்த நூல்களில் சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் இருந்தது. யார் எதை எடுத்தார், எப்போது திருப்பினார் என்பதைச் சின்னத்தம்பி நோட்டில் எழுதிவைத்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே நடந்து சென்று, 2014-இல் இதை எழுதி உலகறியச் செய்தார். முந்தைய ஆண்டில் மட்டும் 37 முறை புத்தகங்கள் இரவல் போயிருந்தன. யானை நடமாடும் காட்டில், கூலி வேலைக்குப் போய் வரும் சின்னஞ்சிறு குடியிருப்பில் இது பெரிய கணக்கு. அங்கே கட்டடம் இல்லை, நிதி இல்லை. மக்கள் எப்படியும் வந்து உட்காரும் இடத்துக்குப் புத்தகம் வந்து சேர்ந்தது. அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார்.

போடியில் டீக்கடைக்குப் பஞ்சமில்லை. டீக்கடையில் வாசிப்பதும் நமக்குப் புதிதல்ல. 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’, எளிய நடையால் டீக்கடை பெஞ்சுகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் லட்சக்கணக்கான பெரியவர்களை வாசகர்களாக்கியது. ஒருவர் உரக்க வாசிக்க நாலு பேர் கேட்டார்கள். அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருபது புத்தகங்களும் ஒரு நோட்டும் வைக்க முன்வரும் கடைக்காரர்கள் இந்த ஊரில் நிச்சயம் இருப்பார்கள். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

கண்ணால் வாசிக்க முடியாத வேளையில் காதால் வாசிக்கலாம். 1865-இல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் சுருட்டு உருட்டிக்கொண்டிருக்க, மேடையில் அமர்ந்த ஒருவர் நாளிதழும் நாவலும் உரக்க வாசிப்பார். அவருக்கான கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். கண்ணூர் வட்டாரத்துப் பீடித் தொழிலாளர்களும் இதைச் செய்தார்கள். ஒருவர் வாசிப்பார், அதனால் அவருக்குக் குறையும் பீடிக் கணக்கை மற்றவர்கள் சுற்றி ஈடுகட்டுவார்கள். பள்ளிப்படிப்பு குறைந்த அந்தத் தொழிலாளர்கள் அரசியலும் இலக்கியமும் தெரிந்தவர்களாக வளர்ந்ததில் அந்த வாசிப்புக்குப் பெரிய பங்குண்டு.

நம் ஏலக்காய்க் குடோன்களை நினைத்துப் பாருங்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயை அளவு பார்த்து, நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள். கையும் கண்ணும் வேலையில் இருக்கின்றன; காது சும்மா இருக்கிறது. நாளுக்கு அரை மணி நேரம் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டால் வேலை நிற்காது. வாசிப்பவருக்கு அந்த அரை மணிக் கூலியை முதலாளி தரலாம். ‘வேலை கெட்டுப்போகும்’ என்று வியாபாரிகள் தயங்குவது இயல்புதான். ஒரு குடோனில், ஒரு மாதம் செய்து பார்த்து, கணக்கைப் பார்த்தபின் முடிவெடுக்கட்டும். ஸ்பைசஸ் போர்டின் மின்னேலத்துக்குப் பெயர்பெற்ற ஊர் இது. உழைக்கும் இடத்திலேயே வாசிப்பு நடக்கும் ஊர் என்ற பெயரும் அதோடு சேரட்டும்.

அடுத்தது, அதிகம் பேசப்படாத ஒரு காரணம்: வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்து எழுத்து மங்குகிறது. ‘புத்தகத்தில் மனம் ஒட்டவில்லை’ என்பவர்களில் பலருக்கு உண்மையில் எழுத்துத் தெரியவில்லை. வாசிப்புக் கண்ணாடி விலை குறைந்த பொருள். அது வேலைக்கும் உதவும் என்பதை அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஆய்வு காட்டியது. 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான அந்த ஆய்வில், வாசிப்புக் கண்ணாடி பெற்ற 40 வயதுக்கு மேற்பட்ட கொழுந்து பறிப்போரின் உற்பத்தித்திறன், பெறாதவர்களைவிட 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. அளவும் நிறமும் பார்த்துப் பிரிக்கும் ஏலக்காய் வேலைக்கு இது இன்னும் பொருந்தும். 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் கிளை இருக்கிறது. கண் பரிசோதனை முகாம்களும் நமக்குப் பழகியவை. அரிமா, ரோட்டரி சங்கங்களும் வியாபாரிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்தால், குடோன் குடோனாகவும் ஜீப் நிற்கும் இடங்களிலும் வெள்ளெழுத்துச் சோதனை நடத்த ஒரே பருவம் போதும்.

நூலகத்துக்கு வருவோம். பொது நூலகச் சட்டத்தை 1948-லேயே இயற்றிய மாநிலம் நம்முடையது. சொத்துவரி ரூபாய் ஒன்றுக்குப் பத்துப் பைசா நூலக வரியாக நாம் எல்லோரும் கட்டுகிறோம். வீட்டு உரிமையாளர் கட்டும் வரியில் வாடகைக்கு இருப்பவரின் பணமும் கலந்திருக்கிறது. எனவே நூலகத்தை ‘அரசாங்கத்தின் இடம்’ என்று ஒதுக்கிவைப்பது சரியல்ல. நம் பணத்தில் நடக்கும் நம் இடம் அது. பொது நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. தோட்ட வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஊரில் இருக்கும் ஞாயிறு அன்று நூலகம் திறந்திருக்கும். பலருக்கு இதுவே தெரியாது. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கான வாசிப்புக் கூட்டம் என்று வாசகர் வட்டம் அறிவித்தால், கூடுதல் செலவு எதுவும் இல்லை. வீடு தேடிப் புத்தகம் கொண்டுசெல்லத் தன்னார்வலர்களைச் சேர்க்கும் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் 2022 முதல் நடப்பில் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் பத்துப்பேர் அதில் சேர்ந்து, ஜீப் கிளம்பும் இடங்களுக்கும் தெருக்களுக்கும் புத்தகப் பை எடுத்துச் செல்லலாம். 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி அனுப்பிய கனகசபைப் பிள்ளையின் வழியைத்தான் இவர்கள் தொடர்வார்கள். அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006 முதல் ஊராட்சிகள்தோறும் எழுந்த நூலகக் கட்டடங்களில் பூட்டிக் கிடப்பவை இருந்தால், அவற்றைத் திறந்துவைப்பது ஊராட்சியின் கடமை, சாவியைக் கேட்டு வாங்குவது ஊராரின் உரிமை.

எதை வாசிப்பது? பள்ளியை விட்டு இருபது ஆண்டு ஆனவரிடம் தடித்த நூலைக் கொடுத்தால் அது தலைமாட்டில் தூசி படியும். பெரிய எழுத்தில் அச்சான கதைகள், சிறுகதைகள், பிள்ளைகளுக்கான நூல்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழகிய பின் நம் மண்ணின் எழுத்து காத்திருக்கிறது. போடிக்கு அருகே அம்மாபட்டியைச் சேர்ந்த சு. வேணுகோபால் விவசாயக் குடும்பங்களின் வாழ்வைக் கதைகளாகவும் நாவல்களாகவும் எழுதியிருக்கிறார். தேனி சீருடையானின் ‘நிறங்களின் உலகம்’ நாவல் இருக்கிறது. டாக்டர் பி.எச். டேனியல் வால்பாறைத் தேயிலைத் தொழிலாளரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த நாவலை, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்திருக்கிறார். மலைத்தோட்டத்தில் உழைத்தவருக்கு அதை விளக்கிச் சொல்ல யாரும் தேவையில்லை. தன் வாழ்க்கை எழுத்தில் ஏறியிருப்பதைப் பார்த்தவர் அடுத்த புத்தகத்தைத் தானே கேட்பார்.

‘இந்த வயசுல படிச்சு என்னாகப் போகுது?’ என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். இங்கே குடியிருந்து கேரளத்தில் வேலை செய்பவருக்கு இரு மாநிலத் தாள்களையும் படித்துப் புரிந்துகொள்ளும் தேவை இருக்கிறது. கூலிக் கணக்கு, காப்பீடு, மருந்துச் சீட்டு, கடன் பத்திரம் என எதிலும் பிறரை நம்பிக் கைநாட்டு வைக்காத துணிவை வாசிப்பு தரும். ஆனால் பயன் இதோடு முடிவதில்லை. நாள் முழுதும் பிறருக்காக உழைப்பவர், தனக்கென்று வைத்துக்கொள்ளும் பத்து நிமிடம் அது. வேறொருவரின் வாழ்க்கைக்குள் போய்வந்த மனம் தன் துயரத்தையும் புதிதாகப் பார்க்கும். அந்த இன்பம் படித்தவர்களுக்கும் வசதியானவர்களுக்கும் மட்டும் உரியதல்ல.

அந்தப் பத்து நிமிடத்தை அமைத்துத் தருவது வீட்டின் பங்கு. பெண்கள் வாசிக்க வேண்டும் என்றால் பாத்திரம் துலக்க இன்னொரு கை வர வேண்டும். அந்தக் கை கணவனுடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கட்டும். அந்த நேரம் மட்டும் டிவியும் போனும் ஓயட்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அம்மாவுக்குப் பள்ளி செல்லும் மகள் ஒரு பக்கம் வாசித்துக் காட்டலாம். மறுநாள் அம்மா ஒரு பக்கம் வாசிக்கலாம். ஆசிரியர்கள் இதை வீட்டுப்பாடமாகவே கொடுக்கலாம்.

காலமும் நமக்கு இசைவாக இருக்கிறது. காய் எடுப்பு மும்முரமாகும் மாதங்களில் புதிய பழக்கம் எதையும் தொடங்க முடியாது. எடுப்பு ஓய்ந்த பங்குனி, சித்திரைதான் ஏற்ற பருவம். அதற்குள் நூலகர், வாசகர் வட்டத்தார், ஏலக்காய் வியாபாரிகள், தொழிற்சங்கத்தார், ஜீப் ஓட்டுநர்கள், ஆசிரியர்கள், நகராட்சி உறுப்பினர்கள் ஒரு ஞாயிறு மாலை நூலகத்தில் ஒன்றாக உட்கார வேண்டும். யாரும் யாரையும் குறை சொல்லாமல், அவரவர் எதைத் தருவோம் என்று மட்டும் பேச வேண்டும். ஒருவர் ஒரு குடோனைத் தரட்டும், ஒருவர் ஒரு பெஞ்சைத் தரட்டும், ஒரு சங்கம் நூறு கண்ணாடிகளைத் தரட்டும், பத்து இளைஞர்கள் தங்கள் ஞாயிறுகளைத் தரட்டும். தொழிலாளர்கள் தருவதற்கு இரவில் பத்து நிமிடம் இருக்கிறது. மற்ற எல்லாரும் தங்கள் பங்கை வைத்த பிறகு அதைக் கேட்டால், அவர்கள் மறுக்க மாட்டார்கள்.