‘நூறு சதவீதம் பாஸ்’: பணம் கட்டலாமா?

வளைகுடாவில் நெட்வொர்க் வேலை தேடும் நம் பிள்ளைகளிடம் பட்டத்தோடு ‘சிசிஎன்ஏ இருக்கிறதா?’ என்றும் கேட்கிறார்கள். கலைக் கல்லூரியில் படித்த பிள்ளையும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்து அதை எடுக்கலாம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஜும்ஆ முடிந்து ஒரு தந்தை கேட்ட கேள்வி நம்மை இன்னும் உறுத்துகிறது. “ஹஜ்ரத், மகன் சேர்ந்திருக்கும் ஆன்லைன் கோர்ஸில் பரீட்சைக் கேள்விகளையே முன்கூட்டித் தருவார்களாம். நூறு சதவீதம் பாஸாம். மீதிப் பணத்தைக் கட்டலாமா?”

பயிற்சி மையம் தருவது கோர்ஸை முடித்ததற்கான சான்று மட்டுமே. கம்பெனிகள் மதிப்பது சிஸ்கோ நிறுவனத்தின் தேர்வில் தேறிப் பெறும் சான்றிதழை. தேர்வு 120 நிமிடம், கட்டணம் 300 டாலர், சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். படிப்பதற்குப் பெரிய செலவில்லை. சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம். ரவுட்டர் வாங்காமலே அதில் நெட்வொர்க் அமைத்துப் பழகலாம். ஸ்வயம் தளத்திலும் நெட்வொர்க் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

அந்த மையம் விற்பது ‘டம்ப்’, அதாவது தேர்வு எழுதியவர்கள் வெளியே கடத்திய கேள்விகள். நாமும் பி.ஏ. படித்தபோது பழைய கேள்வித்தாள்களைப் புரட்டியவர்கள்தாம். ஆனால் அவற்றில் ஒளிவுமறைவு இல்லை. இங்கோ, கேள்விகளை வெளியிட மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்ட பிறகே தேர்வு தொடங்குகிறது. வாக்கை முறித்தவரிடமிருந்து அதை விலை கொடுத்து வாங்குகிறோம். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும்; மீண்டும் எழுதவும் தடை வரலாம்.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, அடியில் ஈரம் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்ததை பயான்களில் கேட்டிருக்கிறோம். இன்டர்வியூவில் ‘இந்த இரண்டு விலேன்களை இணைத்துக் காட்டு’ என்று சொல்லும்போது அந்தக் கைதான் உள்ளே நுழைகிறது. பிறகு வேலையைக் கற்று முறையாகச் செய்தால் சம்பளம் கூடும் என்று சொன்ன உலமாக்கள் உண்டு. ஏமாற்றியதற்குத் தவ்பா தேவை என்பதை அவர்களும் சேர்த்தே சொன்னார்கள். பிள்ளையை அந்த நிலையில் நாமே கொண்டுபோய் நிறுத்த வேண்டுமா?

கட்ட வேண்டாம் என்றோம். முன்பணம் திரும்ப வராது என்று அவர் தயங்கினார். அவருக்கு 300 டாலரும் பெரிய தொகைதான். கல்லூரிக் கட்டணத்துக்கு உதவும் நம் ஜமாஅத்கள், பாக்கெட் ட்ரேசரில் செய்து காட்டத் தெரிந்த பிள்ளைக்கு இந்தத் தேர்வுக் கட்டணத்தையும் கொடுக்கலாமே.