வாள் பிடிக்க வருமானச் சான்றா?

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஒரு சிறுமி 2004-ம் ஆண்டில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனாள். மற்ற ஆட்டங்களிலெல்லாம் இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது வாள்வீச்சு ஒன்றுதான். தகப்பனாரின் வருஷ வருமானம் என்ன என்று கேட்டார்கள். இது செலவு பிடித்த விளையாட்டு, ஏழை வீட்டுக்குக் கட்டுப்படியாகாது என்றும் சொன்னார்கள். தகப்பனாரோ கோவில் அர்ச்சகர். உள்ளதைச் சொன்னால் கதவு சாத்தப்படும் என்று அந்தச் சிறுமிக்குப் புரிந்தது. வருமானத்தைக் கூட்டிச் சொல்லி உள்ளே நுழைந்தாள்.

அந்தச் சிறுமிதான் பவானி தேவி. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சுக் களம் இறங்கிய முதல் இந்தியர். முதல் ஆட்டத்தில் துனிசியா நாட்டு வீராங்கனையை 15-3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மானோன் புரூனேயிடம் 7-15 என்று தோற்றார். 2023-ல் சீனாவின் வூஷி நகரில் நடந்த ஆசியப் போட்டியில், உலக சாம்பியனான ஜப்பானின் மிசாகி எமுராவைத் தோற்கடித்து வெண்கலம் பெற்றார். ஆசிய வாள்வீச்சுப் போட்டியில் இந்தியா கண்ட முதல் பதக்கம் அது.

இத்தனைக்கும் அடியில் ஒரு பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தை சொன்ன பொய் கிடக்கிறது! பத்திரிகைகள் இதைச் சுவையான செய்தியாக எழுதின. நாம் அப்படிப் படிக்க முடியவில்லை. பொய் சொல்லத் தைரியம் வராமல், உள்ளதைச் சொல்லிவிட்டு வீடு திரும்பிய குழந்தைகள் எத்தனை பேர்? அவர்கள் பெயரை எந்தப் பத்திரிகை எழுதும்?

வருமானம் கேட்ட ஆசிரியர்மேல் நமக்குக் கோபமில்லை. அவர் உள்ள நிலவரத்தைத்தான் சொன்னார். வாள்வீச்சு செலவுள்ள விளையாட்டு என்பது வாஸ்தவம். ஏன் என்று பார்ப்போம்.

வாளில் மூன்று வகை உண்டு. ஃபாயில் என்பதில் நுனியால் குத்தவேண்டும். உடற்பகுதியில் பட்டால்தான் கணக்கு. எப்பே என்பதிலும் நுனிதான், ஆனால் தலை முதல் கால் வரை எங்கு பட்டாலும் புள்ளி உண்டு. சேபர் என்பதில் வெட்டலாம், குத்தலாம். இடுப்புக்கு மேலேதான் இலக்கு. பவானி தேவியின் வாள் சேபர். பட்டதா படவில்லையா என்று இன்று மின்சார விளக்கு சொல்கிறது. எனவே வாளிலும் கம்பி, சட்டையிலும் கம்பி. கம்பி வலை பின்னிய முகமூடி, கையுறை, தடித்த மேலங்கி, அதற்குள்ளே இன்னொரு காப்பு. முழுச் சாமான் வாங்கினால் ஒரு விவசாயக் கூலியின் பல மாத வரும்படி போய்விடும்.

இதெல்லாம் ஆடம்பரமல்லவா, மலிவாக வைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். 1982-ல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் ஆடினார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். எதிராளியின் வாள் ஒடிந்து, ஒடிந்த முனை முகமூடியைத் துளைத்துப் பாய்ந்தது. சில நாட்களில் உயிர் போயிற்று. யார் குற்றமும் இல்லை, சாமான் தாங்கவில்லை. அதன் பிறகே முகமூடிக்கும் சட்டைக்கும் வாளின் எஃகுக்கும் கடுமையான விதிகள் வந்தன. இன்று சட்டை எத்தனை விசையைத் தாங்கும் என்று சோதித்து முத்திரை குத்துகிறார்கள். ஆக, இந்தச் செலவு உயிரைக் காக்கும் செலவு. ஆலையில் பல்சக்கரத்துக்கு மூடி போடுவது செலவு என்று சொல்லும் முதலாளியிடம் நாம் என்ன சொல்வோமோ, அதையேதான் இங்கும் சொல்வோம். செலவைக் குறைக்காதே, அதை யார் தலையில் போடுகிறாய் என்பதே கேள்வி.

இன்று பெரிய நகரங்களில் வாள்வீச்சு வகுப்புகள் நடக்கின்றன. சிறுவர்க்கு ஒரு வகுப்பு, பதின்வயதினருக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று. அதிலும் புதிதாக வந்தவர், பழகியவர், போட்டிக்குப் போகிறவர் என்று தரம் பிரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். சின்னக் குழந்தையின் கையில் பிளாஸ்டிக் வாளோ நீளம் குறைந்த அலகோ கொடுக்கிறார்கள். பெரியவர் வாள் அலகு 90 சென்டிமீட்டர் வரை நீளும். அதைக் குழந்தையிடம் கொடுத்தால் மணிக்கட்டு கெடும். புதியவரை வாளைத் தொடவிடாமல் முதலில் காலடிதான் போடச் சொல்கிறார்கள். முன்னே, பின்னே, பாய்ச்சல், மறுபடியும் முன்னே. உலகப் போட்டியில் 17 வயதுக்குள், 20 வயதுக்குள் என்று பிரிவு உண்டு. 70 வயதைத் தாண்டிய கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும்கூடத் தனிப் பிரிவு உண்டு!

இது நமக்குப் புதிதா? சிலம்பக் களத்தைப் பார்த்த எந்த விவசாயத் தொழிலாளிக்கும் இது தெரிந்த சங்கதி. அங்கும் முதலில் காலடி வரிசைதான், கம்பு பிறகுதான். ஆளின் உயரம் பார்த்துக் கம்பு வெட்டுவார்கள். அரைக்கால் சட்டைப் பையனும் நரைத்த மீசைக்காரரும் ஒரே வாத்தியாரிடம், ஒரே களத்தில், அவரவர் தரத்துக்கு ஏற்பக் கற்பார்கள். வெற்றிலை பாக்கும் கையில் இருந்த காசும்தான் குருதட்சணை. 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கம்பெனி சர்க்கார், தென்பாளையங்களில் கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய உத்தரவு போட்டது. வாளும் வேலும் போயின. கம்பு நின்றது. மாடு மேய்ப்பவன் கையில் இருக்கும் கம்பை எந்தச் சர்க்காரால் பறிக்க முடியும்?

கம்பு தோப்பில் கிடைக்கிறது. வாள் கடையில் கிடைக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வித்தியாசத்தில்தான் நம் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள்.

பவானி தேவிக்கும் கம்புதான் கைகொடுத்தது. ஆரம்ப நாட்களில் பயிற்சிக்கு மூங்கில் கழி. போட்டி வந்தால்தான் வாள். ஒடிந்தால் வேறு வாங்க வழியில்லை. தாயார் நகைகளை அடகு வைத்தார். அடகுக் கடைச் சீட்டை அறியாத வீடு நம் வாசகர்களில் எவருடையது? விதைக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு, பிரசவத்துக்கு என்று போகும் நகை, அந்த வீட்டில் வாளுக்குப் போயிற்று. முதல் வெளிநாட்டுப் போட்டி துருக்கியில். களத்துக்கு மூன்று நிமிஷம் தாமதமாகப் போனதால் கறுப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். கடன் வாங்கிப் போன வீட்டுக்கு அந்த மூன்று நிமிஷம் என்ன விலை என்பதை யோசித்துப் பாருங்கள்.

பிறகு அவரை நிமிர்த்தியது எது? பத்தாம் வகுப்புக்குப் பின் கேரளத்தின் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்தில் சேர்ந்தார். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சியாளர், வாள் எல்லாம் பொதுப் பணத்தில் கிடைத்தன. பின்னாளில் மாநில அரசின் உதவியும் ஓர் அறக்கட்டளையின் உதவியும் சேர்ந்தன. தனி மனுஷியின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. பொதுப் பணம் அவர் கையில் வாளைக் கொடுத்த பிறகுதான் அந்த உழைப்பு வெளியே தெரிந்தது என்கிறோம். அந்த மையம் வண்ணாரப்பேட்டையிலோ, கோவையிலோ, தஞ்சையிலோ இருந்திருந்தால் மூங்கில் கழி காலம் எத்தனை குறைந்திருக்கும்!

கியூபாவைப் பாருங்கள். 1959 புரட்சிக்குப் பின் அங்கே விளையாட்டுப் பயிற்சி இலவசம் ஆயிற்று. 1976 அக்டோபர் 6-ல் அந்நாட்டு இளம் வாள்வீச்சுக் குழுவினர் மத்திய அமெரிக்க, கரீபியப் போட்டியில் தங்கப் பதக்கங்களை அள்ளிக்கொண்டு ஊர் திரும்பினர். பார்படோஸ் கடற்கரைக்கு அப்பால் அந்த விமானத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். இறந்த 73 பேரில் 24 பேர் வாள்வீச்சுக் குழுவினர். ஒரு தலைமுறையே கடலில் போயிற்று. ஆனாலும் 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் ஃபாயில் குழுப் போட்டியில் கியூபா வெள்ளி வென்றது. மாண்டவர்களின் இடத்துக்கு வர அடுத்த வரிசைப் பிள்ளைகள் பயிற்சிக் கூடங்களில் இருந்தார்கள். நம் நாட்டில் ஒரு பவானி தேவி ஓய்ந்தால் அடுத்த வரிசை எங்கே?

நம் தோழர்களில் சிலரே கேட்பார்கள்: கூலி உயர்வுக்கும் வேலை நாளுக்கும் போராடும்போது வாள்வீச்சு ஒரு கேடா? எட்டு மணி நேரம் ரிங் பிரேம் முன்னால் நடந்துவிட்டு வருகிற காலுக்கு இன்னொரு காலடி வேலையா?

நியாயமான கேள்விதான். ஆனால் எட்டு மணி வேலை என்று நம் முன்னோர் கேட்டபோது, மிச்ச நேரமெல்லாம் தூங்குவதற்கு என்று கேட்கவில்லை. தனக்கென்று சில மணி நேரம் வேண்டும், அதில் படிக்க வேண்டும், பாட வேண்டும், ஆட வேண்டும் என்றே கேட்டார்கள். முதலாளி பிள்ளைக்கு டென்னிஸும் குதிரையும் தேவை, தொழிலாளி பிள்ளைக்குச் சோறு போதும் என்ற கணக்கை நாமே போட்டுக் கொடுப்பதா? அதிலும் பெண் பிள்ளைகளை நினைக்க வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்களுக்குச் சேபர் போட்டி வைத்ததே 2004-ல்தான். அந்த வருஷமே வண்ணாரப்பேட்டையில் ஒரு பெண் குழந்தை வாள் வகுப்பில் சேர்ந்தது. காலம் அவ்வளவு கிட்டத்தில்தான் கதவைத் திறந்திருக்கிறது.

நாம் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் அரசுப் பள்ளியிலாவது பொதுச் சாமான் அறை இருக்கட்டும். முகமூடி, மேலங்கி, வாள் எல்லாம் பள்ளியின் சொத்து. பிள்ளை வளர வளர அளவு மாற்றி எடுத்துக்கொள்ளும். சம்பளத்துக்கு ஒரு பயிற்சியாளர். மாலையில் பிள்ளைகளுக்கும், ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்குத் தனி நேரத்திலும் வகுப்பு. 14 மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள தளம் போதும். மதிய உணவுக் கூடத்திலேயே போடலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களாக நாம் உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதுவோம். சேர்க்கைத் தாளில் வருமானம் என்ற கட்டத்தை அடித்துவிட்டு, பிள்ளையின் உயரம் என்ன, வலது கையா இடது கையா என்று கேட்கட்டும். சட்டையும் கையுறையும் எடுத்துக் கொடுக்க அந்த இரண்டு விவரமும்தான் வேண்டும்.