பில் பூச்சியமானால் புகையும் பூச்சியமா?

"நூறு வீதம் பசுமை மின்சாரத்தில்தான் எங்கள் தரவு மையங்கள் ஓடுகின்றன" என்று பெரிய கம்பனிகள் சொன்னதும் நாம் கைதட்டிவிடுகிறோம். கணக்கைக் கேட்பதில்லை.

தான் பாவிக்கும் மின்சாரத்துக்குச் சமனான பசுமை மின்சாரத்தை 2017 முதல் வருடந்தோறும் வாங்குவதாகச் சொல்லும் கம்பனி கூகுள். அதே கூகுளின் 2024ஆம் ஆண்டுச் சுற்றாடல் அறிக்கை என்ன சொன்னது? 2019இலிருந்து 2023க்குள் அதன் பச்சைவீட்டு வாயு வெளியேற்றம் 48 வீதம் கூடிவிட்டது. தரவு மையங்களின் மின்பாவனையும் பொருள் வழங்குநர்களின் வெளியேற்றமும்தான் பிரதான காரணம் என்று அவர்களே எழுதினார்கள்.

பிறகு அந்த நூறு வீதம் எங்கிருந்து வந்தது? நம்மூர்க் கூரைகளைப் பாருங்கள். பகலில் சோலார் மின்சாரத்தை லைனுக்குக் கொடுக்கிறோம். இரவில் லைனிலிருந்து எடுக்கிறோம். மாத முடிவில் பில் பூச்சியம். ஆனால் அந்த இரவில் நுரைச்சோலையில் எரிந்த நிலக்கரி எரிந்ததுதான். கம்பனிகளும் இப்படித்தான் வருடக் கணக்கில் கழித்துக் காட்டுகின்றன. தரவு மையமோ இரவு பகலாக ஓடுகிறது. வெயிலும் காற்றும் இல்லாத நேரத்தில் அதற்கு எரிவாயுவோ நிலக்கரியோதான் கைகொடுக்கிறது.

அயர்லாந்தைப் பாருங்கள். 2015இல் அந்நாட்டின் மின்பாவனையில் தரவு மையங்களின் பங்கு 5 வீதம். 2023இல் 21 வீதம். நகரப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து பாவித்ததே 18 வீதம்தான்! புதிதாக வரும் காற்றாலை மின்சாரத்தை இந்த மையங்களே விழுங்கிவிட்டால், பழைய எரிவாயு நிலையங்களை எப்போது மூடுவது?

வழி இல்லாமல் இல்லை. வருடக் கணக்கை விட்டு, ஒவ்வொரு மையத்துக்கும் மணித்தியாலக் கணக்கை வெளியிடட்டும். புதிய மையம் கட்டுபவர்கள் அதே மின்வலையமைப்பில் புதிய பசுமை மின்சாரத்தையும் பற்றரிகளையும் சேர்த்தே கொண்டுவரட்டும். வீணாகும் வெப்பத்தை ஊருக்குக் கொடுக்கட்டும். டப்ளினில் டலா என்ற இடத்தில் அமேசான் மையமொன்றின் வெப்பம் பல்கலைக்கழகக் கட்டடங்களைச் சூடாக்குகிறது. அங்கே முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியாது?

"நீங்களும் போன் பாவிக்கிறீர்கள்தானே?" என்று சிலர் கேட்பார்கள். ஆம், பாவிக்கிறோம். அதனால்தான் கேட்கிறோம். கணிதத்தில் செய்கை இல்லாமல் விடை மட்டும் எழுதிய பிள்ளைக்கு நாங்கள் முழுப்புள்ளி கொடுப்பதில்லை. கோடிக்கணக்கில் இலாபம் பார்க்கும் கம்பனிகளுக்கு மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?