ஸ்டேஷன் சரியா எடுக்கல

2024 பிப்ரவரி 20 அன்று அமீன் சயானி இறந்தார். சாயங்காலத்துக்குள் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மூன்று ஃபார்வர்டு. மூன்றிலும் ஒரே கதை: புதன்கிழமை ராத்திரி எட்டு மணி, பினாகா கீத்மாலா, தெருவே ரேடியோ முன்னால். இந்தியில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத என் மாமாவும் ஒன்று அனுப்பியிருந்தார். கீழே அவரே எழுதிய வரி: "நமக்கு சிலோன் ரேடியோ. அது பொற்காலம்."

இந்தப் பொற்காலத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அந்தக் குரல்களோடு இல்லை. கே.எஸ். ராஜாவின் மூச்சுவிடாத பேச்சை யூட்யூபில் நானும்தான் தேடிக் கேட்கிறேன். அவற்றை நினைத்து உருகுகிறவர்கள் எதையெல்லாம் நைஸாக விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் பிரச்சினை.

முதலில் எல்லாரும் சொல்வது: இப்ப அல்காரிதம் பாட்டைத் தீர்மானிக்குது, அப்ப மக்கள் தீர்மானிச்சாங்க. அப்படியா? கீத்மாலா 1952-ல் ரேடியோ சிலோனில் தொடங்கியது. பணம் போட்டது ஒரு பற்பசை. பம்பாயில் பதிவுசெய்த டேப் விமானம் ஏறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து திரும்ப நம் காதுக்கு வந்தது. பாட்டுகளுக்கு வரிசை போட ஆரம்பித்தபோது நேயர் மன்றங்களின் ஓட்டோடு இசைத்தட்டு விற்பனைக் கணக்கும் சேர்ந்தே எண்ணப்பட்டது. அமெரிக்காவில் 1970 ஜூலை 4 அன்று கேசி கேசம் தொடங்கிய 'அமெரிக்கன் டாப் 40'-உம் இந்த ரகம்தான். பில்போர்டு பத்திரிகையின் பட்டியலை வாசித்து, நிகழ்ச்சியையே இசைத்தட்டாக அச்சடித்து ஊர் ஊராக நிலையங்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அந்த 70-களின் நிகழ்ச்சிகளை இன்றைக்கும் அங்கே மறு ஒலிபரப்பு செய்கிறார்கள். கேட்டு உருகவும் ஆள் இருக்கிறது. நம் சிலோன் ரேடியோ தன் பெயரிலேயே 'வர்த்தக சேவை' என்று வைத்துக்கொண்டு ஒளிவுமறைவில்லாமல்தான் இருந்தது. சந்தையை மறந்துபோனது நாம்.

அந்தச் சந்தைக்கு நம்மைத் துரத்திவிட்டது யார் என்பது இன்னொரு கதை. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் சாஸ்திரிய சங்கீதம் ஒலிக்கட்டும், ஜனங்களின் ரசனை திருந்தும் என்று நினைத்தார். ஜனங்கள் திருந்தவில்லை, முள்ளைத் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் நேசப் படைகளின் வானொலிக்காக வந்த சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர் கொழும்பில் தயாராக இருந்தது. 1957-ல் விவித் பாரதி என்று டெல்லி இறங்கி வந்தபோது ஐந்து வருஷம் போயிருந்தது. அப்போது சினிமாப் பாட்டு என்றாலே மட்டமான ரசனை. இன்று அதே பாட்டுகளைக் காட்டி இளசுகளுக்கு ரசனை வகுப்பு எடுக்கிறார்கள். இதற்கு என்ன சொல்ல!

சரி, ஸ்ரீமுஷ்ணத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் பூவராகர் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் போவார். வருஷத்துக்கு ஒருமுறை சாமி கடலுக்குப் போகும். சிலோன் ரேடியோ தினமும் கடலைத் தாண்டி வந்தது. மீடியம் வேவ் உப்புத்தண்ணி மேல் நன்றாகவே ஓடும். சென்னையை விடக் கொழும்பு தெளிவாகக் கேட்டதாக ஊரில் சொல்லாத பெரிசு இல்லை.

தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் மாமாவுடையது. தபாலாபீசில் பணம் கட்டி வாங்கிய லைசென்ஸ் அவர் பெயரில். முள்ளைத் திருப்புகிற உரிமையும் அவருக்குத்தான். 1980 வாக்கில் 'நீங்கள் கேட்டவை'யில் அவர் பெயரை வாசித்தார்கள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என்று ஊர்ப்பெயரோடு. தெருவில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருப்பேன்.

போன வருஷம்தான் அம்மா மீதியைச் சொன்னாள். அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தது அவள். கடிதம் எழுதியதும் அவள்தான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. பெயரை மட்டும் மாமா போட்டுக்கொண்டார். "பொம்பளப் புள்ள பேரு ரேடியோல வந்தா ஊரு என்ன பேசும்னு உங்க தாத்தா ஒரே சத்தம்." பாட்டு வந்த நேரத்தில் அவள் பின்கட்டில் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். கூடத்தில் கைதட்டல் கேட்டிருக்கிறது. பாட்டு பாதிதான் கேட்டதாம். "எனக்கு என்னடா பொற்காலம்? மாவு புளிக்குமுன்ன ஆட்டி முடிக்கணும், அதான் காலம்."

எனக்குக் கோபம் வருகிற இடம் இதற்கும் அப்பால் இருக்கிறது. சிலோன் ரேடியோ ஏக்கக் கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரி முடியும், கவனித்திருக்கிறீர்களா? மயில்வாகனம், 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்', அப்புறம் கடைசி வரி: "பிறகு ஸ்டேஷன் சரியா எடுக்கல." தமிழ்நாட்டு நினைவுக் கட்டுரைகளில் இதைவிடக் கோழைத்தனமான வாக்கியத்தை நான் படித்ததில்லை. ஏன் எடுக்கவில்லை? மழையா? பேட்டரி தீர்ந்ததா?

1981 ஜூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்தக் குரல்கள் புறப்பட்டு வந்த அதே ஊர். அந்த வானொலி அந்த அரசாங்கத்தினுடையது. அங்கே மைக் முன்னால் உட்கார்ந்து எம்.ஜி.ஆர்., சிவாஜி பாட்டுகளை நமக்கு அறிவித்தவர்கள் வேலை முடிந்து அந்தத் தெருக்களில்தான் வீட்டுக்கு நடக்க வேண்டும். கே.எஸ். ராஜா 1994-ல் கொழும்பில் கொல்லப்பட்டார். அவர் குரலைப் போலப் பேசிக் காட்டுகிற மாமாக்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவருக்கு என்ன ஆனது என்று கேட்டால் பேச்சு மாறுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு வசதியாக இல்லாவிட்டாலும். சுத்தமான உச்சரிப்புக்கு நாம் உதாரணம் காட்டும் பி.எச். அப்துல் ஹமீத் ஒரு முஸ்லிம். 'பாட்டுக்குப் பாட்டு' என்றால் இன்றும் அவர்தான். அவரைப் போலவே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வடமாகாண முஸ்லிம்களை 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். "தமிழ்னா சிலோன் தமிழ்தான்" என்று சிலிர்க்கும் கட்டுரைகளில் இதற்கும் ஒரு வரி கிடையாது. நமக்கு வேண்டியதெல்லாம் ழகரம். ழகரம் சொன்ன வாய் எங்கே போனது என்று நாம் கேட்கவில்லை.

என் வயதுக்காரர்களையும் விட முடியாது. 90-களில் பிறந்துவிட்டு, யூட்யூபில் மழைச் சத்தமும் கரகரப்பும் சேர்த்த 'சிலோன் ரேடியோ ஹிட்ஸ்' போட்டுக்கொண்டு தூங்கப் போகிறோம். அந்தக் கரகரப்பை எடிட்டிங்கில் சேர்க்கிறார்கள் என்று தெரிந்தும் அதில் ஒரு சுகம். நாம் வாழாத ஒரு காலத்தை அதன் ரத்தத்தைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொள்கிறோம். மாமாக்களுக்காவது அது தங்கள் இளமை என்ற சாக்கு இருக்கிறது.

ராஜா கொல்லப்பட்டதை அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். முப்பது வருஷம் அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த லெட்டர் அவரு கைக்குப் போயிருக்குமோ?" என்றாள்.

அன்று ராத்திரி குழுவில் மாமாவின் ஃபார்வர்டுக்குக் கீழே அதையும் எழுதினேன். 1983, 1994, அம்மாவின் கையெழுத்து, எல்லாம். மாமா ஒரு கும்பிடு எமோஜி போட்டார். மறுநாள் விடியற்காலையில் அவரிடமிருந்து அடுத்தது வந்தது: 'பொற்காலப் பாடல்கள், டாப் 10'.