ஒரு றப்பர்ப் பட்டியும் நமது அலட்சியமும்

கடந்த ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வாடகை வான் ஒன்றில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏ-9 வீதியில் மாங்குளத்தைத் தாண்டிச் சிறிது தூரம் வந்ததும், எவ்வித முன்னறிகுறியுமின்றி எஞ்சின் நின்றுபோனது. ஸ்டியரிங் இறுகியது. பிரேக்கை மிதிக்கப் பெரும்பலம் தேவைப்பட்டது. பின்னால் லொறி எதுவும் வராதது எங்கள் நல்லூழ். அழைத்து வந்த மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ரைமிங் பெல்ட் அறுந்துபோச்சுது, ஐயா" என்றார்.

"கடைசியா எப்ப மாத்தினது, தம்பி?" என்று சாரதியிடம் கேட்டேன்.

"வாங்கி மூண்டு வருசம், ஐயா. மாத்தேல்லை. விளக்கு எரியேல்லைத்தானே" என்றார் அந்த இளைஞர்.

இதனை விபத்து என்று சொல்ல எனக்கு மனமில்லை. நாள் குறிக்கப்பட்டு வந்த அழிவு இது.

ரைமிங் பெல்ட் என்பது பற்கள் கொண்ட றப்பர்ப் பட்டி. பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் ஷாப்ட் இரண்டு முறை சுழலும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் காம் ஷாப்ட் ஒரு முறை சுழலவேண்டும். அந்த ஒழுங்கைக் காப்பது இப்பட்டியே. அது அறுந்தால் காம் ஷாப்ட் நின்றுவிடும். திறந்த வால்வுகள் திறந்தபடியே நிற்க, மேலெழும் பிஸ்டன்கள் அவற்றில் மோதும். வால்வுகள் வளையும், சிலவேளை பிஸ்டனும் உடையும். டீசல் எஞ்சின்களில் இடைவெளி மிகக் குறைவாதலால் தப்புவது அரிது. பட்டியை மாற்ற ஒரு நாள் போதும். எஞ்சினைத் திருத்த, அதைப்போலப் பன்மடங்கு பணமும் வாரக்கணக்கான காலமும் வேண்டும்.

இப்பட்டி பெரும்பாலும் சத்தமிட்டு எச்சரிப்பதில்லை. ஆகவேதான் தயாரிப்பாளர்கள் கிலோமீற்றர்க் கணக்கை விதித்துள்ளனர். ரொயோட்டா டீசல் வாகனங்கள் பலவற்றில் 100,000 கிலோமீற்றர் ஓடியதும் 'ரீ-பெல்ட்' என்ற விளக்கே எரியும். இதைவிடத் தெளிவாக ஓர் இயந்திரம் மனிதனோடு பேச முடியுமா?

ஆனால் நம் நாட்டில் அந்த விளக்கின் வாயையும் கட்டிவிடுகிறார்கள். அந்த வானின் டாஷ்போர்டைப் பின்னர் கழற்றியபோது, விளக்கின் பல்பே அங்கு இருக்கவில்லை! முன்னர் வைத்திருந்த எவரோ, பட்டியை மாற்றுவதற்குப் பதிலாகப் பல்பைக் கழற்றி வாகனத்தை விற்றிருக்கிறார். ஓடிய தூரம் காட்டும் மீற்றரைப் பின்னோக்கிச் சுற்றி விற்பவர்களும் இதே இனத்தவரே. அத்தகைய வாகனத்தில் எந்தக் கணக்கை நம்பிப் பட்டியை மாற்றுவது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களே கைமாறின. 2022 இன் நெருக்கடியில் உதிரிப்பாக விலைகளும் ஏறின. "ஓடும்வரை ஓடட்டும்" என்பதே பலரின் தாரக மந்திரமாயிற்று. வறுமையைக் காட்டி இதனை நியாயப்படுத்துவோர் உண்டு. நான் கேட்பது இதுதான்: பட்டி வாங்கவே பணமில்லாதவனால் எஞ்சின் வாங்க முடியுமா?

பணமில்லை என்பது முழு உண்மையுமன்று. அந்த வானில் புதிய சீற் உறைகள் இருந்தன. பெரிய ஸ்பீக்கர்கள் இருந்தன. முன்கண்ணாடிக்கு மேல் எல்லா மதத்துக் கடவுளரும் இருந்தனர். கண்ணுக்குத் தெரிவதற்குச் செலவிட்டோம். மூடிக்குள் இருப்பதைக் கடவுளரிடம் ஒப்படைத்தோம்.

சாரதியை மட்டும் குற்றம் சொல்வது அநீதி. அந்த வானுக்கு லீசிங் கொடுத்த நிறுவனம் அதனை மதிப்பிட்டே பணம் கொடுத்தது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையும் நடந்தது. பட்டியின் வயதை எவரும் கேட்கவில்லை. வான் கராஜில் கிடந்த காலத்திலும் மாதத் தவணை மட்டும் தவறாமல் கேட்கப்பட்டது. அந்த இளைஞரின் வீட்டில் உழைப்பவர் அவர் ஒருவரே.

செய்யவேண்டியது கடினமானதன்று. பழைய வாகனம் வாங்கினால், மாற்றியதற்கான பற்றுச்சீட்டு இல்லாதவிடத்து, பட்டி மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள், மீற்றரை நம்பாதீர்கள். குறைவாக ஓடிய வாகனத்திலும் றப்பர் முதுமையடையும். எண்ணெய் கசிந்தால் இன்னும் விரைவில் கெடும். பட்டியோடு ரென்ஷனரையும், அதே பட்டியால் இயங்குவதாயின் வோட்டர் பம்பையும் மாற்றுங்கள். மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் எழுதி எஞ்சினருகே ஒட்டுங்கள். பட்டிக்குப் பதில் சங்கிலி பூட்டிய எஞ்சின்களும் உண்டு. உங்களுடையது எது என்று கைந்நூலைப் பார்த்து அறியுங்கள்.

புலம்பெயர்ந்த வாசகர்கள் இது ஊர்ப் பிரச்சினை என்று எண்ணவேண்டாம். ஐரோப்பாவில் ஓடும் சில புதிய எஞ்சின்களில் பட்டி எண்ணெயில் நனைந்தபடியே இயங்குகிறது. உரிய காலத்தில் தகுந்த எண்ணெய் மாற்றாவிட்டால் பட்டி சிதைந்து, அதன் துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் வடியை அடைத்து, எஞ்சினையே கொன்றுவிடும்.

வாகனம் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டியை மாற்றாமல் விற்பது அலட்சியம். பல்பைக் கழற்றி விற்பது மோசடி. அடுத்து அந்த வாகனத்தில் ஏறப்போவது ஒரு குடும்பம் என்பதை அறிந்துகொண்டே செய்யும் மோசடி.